கண்ணைச் சுழற்றும் கயிறுகள்

கண் என்றவுடன் நாம் பார்வையையே நினைக்கின்றோம். ஒளி எவ்வழியாக உட்புகுகின்றது, விழித்திரையில் உருவம் எவ்வாறு தலைகீழாக விழுகின்றது என்பனவற்றைப் பாடசாலைப் பிள்ளைகளும் ஒப்புவிப்பர். ஆயின், அவ்விழியை வேண்டிய திசைக்குத் திருப்பி, வேண்டிய பொருளில் நிறுத்தி வைக்கும் தசைகளைப் பற்றி எண்ணுவார் மிகச் சிலரே. சுக்கான் இல்லாத தோணி எத்துணைப் பெரிதாயினும் கரை சேராது. திருப்புவார் இல்லாத விழியும் அத்தகையதே.

இத்தசைகளைப் பற்றிய அறிவு பரீட்சைக்கு மாத்திரம் உரியதன்று. வயலும் காடும் குளமும் சூழ்ந்த வன்னிப் பெருநிலத்தில் வாழ்வோருக்கு, அது ஓர் இரவில் ஓருயிரைக் காக்கும் அறிவாகவும் அமையலாம். பாம்பின் நஞ்சு உடலில் ஏறியதை முதன்முதல் அறிவிப்பன பெரும்பாலும் இச்சிறு தசைகளே. அது ஏன் என்பதை அறிய வேண்டுமாயின், அவை எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஆறு கயிறுகளும் ஒரு கப்பியும்

விழிக்கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் விட்டமுடையது. எலும்பாலான குழியொன்றில், கொழுப்பாகிய மெத்தையின்மேல் அது அமர்ந்திருக்கின்றது. அதனை அசைப்பதற்கு ஒவ்வொரு கண்ணிலும் ஆறு தசைகள் உள. அவற்றுள் நான்கு நேர்தசைகள், இரண்டு சாய்தசைகள். நேர்தசைகள் நான்கும் கண்குழியின் ஆழத்தில், பார்வை நரம்பைச் சூழ்ந்த வளையமொன்றில் தொடங்கி, முன்னோக்கி வந்து விழியின் மேல், கீழ், உள், வெளிப் பக்கங்களைப் பற்றிக்கொள்கின்றன. உள்நேர்தசை சுருங்கினால் விழி மூக்கை நோக்கித் திரும்பும். வெளிநேர்தசை சுருங்கினால் காதை நோக்கித் திரும்பும்.

சாய்தசைகளுள் மேலே உள்ளதன் அமைப்பு வியப்புக்குரியது. அது கண்குழியின் பின்புறத்திற் புறப்பட்டு முன்னே வருகின்றது. மூக்குப் பக்கமாக மேல்மூலையில் உள்ள சிறு வளையமொன்றினூடே நுழைகின்றது. நுழைந்தபின் திசைமாறிப் பின்னோக்கிச் சென்று விழியைப் பற்றுகின்றது. கிணற்றுக் கப்பியிற் கயிறு திசைமாறுவதை நினைத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும். நாம் கீழ்நோக்கிப் புத்தகம் படிக்கும்போதும் படியிறங்கும்போதும் இத்தசை பெரிதும் உதவுகின்றது. இது தளர்ந்தவர் படியிறங்கையில் ஒரு படியை இரண்டாகக் கண்டு தடுமாறுவர்.

இந்த ஆறுக்கும் அப்பால் ஏழாவது தசையொன்றும் உண்டு. அது விழியைத் திருப்புவதன்று; மேலிமையைத் தூக்கிப் பிடிப்பது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அது ஓயாது உழைக்கின்றது. இமை கீழே சரியாதிருப்பது இதனாலேயே. மூளையிலிருந்து வரும் மூன்று மண்டையோட்டு நரம்புகள் இந்த ஏழு தசைகளையும் ஆள்கின்றன. நான்காம் நரம்பு மேற்சாய்தசைக்கும், ஆறாம் நரம்பு வெளிநேர்தசைக்கும் உரியன. எஞ்சிய ஐந்தும் மூன்றாம் நரம்பின் ஆட்சிக்குட்பட்டவை.

உடலின் உறுப்பமைப்பைத் தமிழிற் கற்கும் வழக்கம் எமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலை ‘அங்காதிபாதம்’ என்னும் பெயரால் தமிழுக்குத் தந்தவரும் அவரே. ஆதலின் நம் மாணவர் இத்தகைய பொருள்களைத் தமிழிற் படிக்கவும் எழுதவும் தயங்கவேண்டியதில்லை.

நாணயக்கயிறும் நுகமும்

தசைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. எனவே ஒரு திசைக்கு இழுக்கும் தசைக்கு எதிராக, மறுதிசைக்கு இழுக்கும் தசையொன்று இருத்தல் வேண்டும். வண்டிக்காரன் மாட்டை வலப்புறம் திருப்ப வேண்டுமாயின், வலப்பக்க நாணயக்கயிற்றை இழுக்கின்றான். அதே வேளையில் இடப்பக்கக் கயிற்றைத் தளர்த்துகின்றான். இரண்டையும் ஒருங்கே இழுத்தால் மாடு திரும்பாது, நின்றுவிடும். கண்ணிலும் இவ்வாறே நிகழ்கின்றது. ஒரு தசை சுருங்கக் கட்டளை பெறும்போது, அதன் எதிர்த்தசை தளரக் கட்டளை பெறுகின்றது. கடந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை ஆராய்ந்து விளக்கியவர் ஆங்கில உடற்றொழிலறிஞர் சாள்ஸ் செரிங்ரன். நரம்புகள் பற்றிய ஆய்வுகளுக்காக 1932ஆம் ஆண்டின் நோபல் பரிசை எட்கர் ஏட்ரியன் என்பாரோடு பகிர்ந்துகொண்டவர் அவர்.

இனி, கண்கள் இரண்டு, காட்சியோ ஒன்று. நாம் வலப்புறம் நோக்கும்போது, வலக்கண்ணின் வெளிநேர்தசையும் இடக்கண்ணின் உள்நேர்தசையும் ஒரே அளவில் ஒரே கணத்திற் சுருங்க வேண்டும். இரு கண்களுக்கும் மூளை சமமான கட்டளையையே அனுப்புகின்றது என்பதை ஜெர்மானிய அறிஞர் எவால்ட் ஹெரிங் 1868இல் எடுத்துரைத்தார். ஒரே நுகத்திற் பூட்டிய இரு எருதுகளைப் போல இரு விழிகளும் செல்கின்றன. ஓர் எருது சற்றே பின்தங்கினும் சால் கோணிவிடும். ஒரு விழி சற்றே பின்தங்கினும் ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. பின்னர் இது எமக்குத் தேவைப்படும்.

துள்ளிச் செல்லும் பார்வை

கையை நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். எமது கண் ஒரு பொழுதில் மிகத் தெளிவாகக் காணும் பரப்பு ஏறத்தாழ அவ்வளவே. ஏனைய பரப்பெல்லாம் மங்கலானது. அவ்வாறாயின் முழுக் காட்சியும் தெளிவாகத் தோன்றுவது எப்படி? விழி ஓயாது துள்ளித் துள்ளிச் சென்று ஒவ்வோரிடத்தையும் தொட்டுப் பார்த்து வருகின்றது. ஒரு செக்கனில் ஏறத்தாழ மூன்று துள்ளல்கள் என்று கணக்கிட்டால், ஒரு நாளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட துள்ளல்கள் ஆகும். பெரிய துள்ளலின்போது விழி ஒரு செக்கனுக்கு 500 பாகை என்னும் வேகத்தையும் எட்டுகின்றது. இந்த வரிகளை நீங்கள் படிக்கும்போதும் பார்வை வரியின்மீது வழுக்கிச் செல்லவில்லை. ஒரு சொல்லில் நின்று, துள்ளி, அடுத்த சொல்லில் நின்று செல்கின்றது. பாரிஸ் நகரில் 1870களின் இறுதியில் எமில் ஜவால் என்னும் கண் வைத்தியரின் ஆய்வுகூடத்தில் இது கண்டறியப்பட்டது.

வீட்டிலேயே இரு சோதனைகள் செய்யலாம். இப்பத்திரிகையைக் கையிற் பிடித்து விரைவாக இடமும் வலமும் ஆட்டுங்கள்; எழுத்துகள் கலங்கும். இப்போது பத்திரிகையை அசையாது வைத்து, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள்; எழுத்துகள் தெளிவாகவே நிற்கும். உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, தலையின் அசைவை உடனுக்குடன் கண் தசைகளுக்கு அறிவிக்கின்றது. அவை விழியை அதே அளவு எதிர்த்திசைக்குத் திருப்பிவிடுகின்றன.

மற்றைய சோதனை: முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்று, உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி நோக்குங்கள். உங்கள் விழி அசைவதை நீங்கள் காணமாட்டீர்கள். அருகில் நிற்கும் தம்பியோ தங்கையோ அதனைத் தெளிவாகக் காண்பர். துள்ளும் கணத்தில் மூளை பார்வையை அடக்கிவிடுகின்றது. ஒருவர் தம் கண்ணின் அசைவைத் தாமே காண்பது அரிது, உடனிருப்போரே காணவல்லவர்.

கரைவலை இழுப்பதுபோல

தசை சுருங்குவதாவது என்ன? நெடுங்காலமாக, தசையினுள் இருக்கும் இழைகள் சுருள்கின்றன அல்லது மடிகின்றன என்றே பலர் எண்ணிவந்தனர். 1954இல் இரு ஆய்வாளர் குழுவினர் ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் வேறு விடை கூறினர். ஒரு குழு அன்ட்ரூ ஹக்ஸ்லியும் றொல்ப் நீடர்கேர்க்கும். மற்றையது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சன் அம்மையாரும். ஹக்ஸ்லி என்னும் பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர். இழைகள் குறுகுவதில்லை, ஒன்றினிடையே மற்றொன்று வழுக்கிச் செல்கின்றது என்பதே அவர்கள் கண்ட உண்மை. இரு கைவிரல்களையும் ஒன்றினிடையே ஒன்றாகக் கோத்து உட்செலுத்திப் பாருங்கள். விரல்கள் குறுகவில்லை, ஆயினும் கைகளின் மொத்த நீளம் குறுகிவிட்டது.

தடித்த இழை மயோசின் என்னும் புரதத்தால் ஆனது. மெல்லிய இழை அக்டின் என்னும் புரதத்தால் ஆனது. மயோசினிலிருந்து எண்ணற்ற சிறு தலைகள் நீண்டு நிற்கின்றன. அவை அக்டின் இழையைப் பற்றி, இழுத்து, விட்டு, மீண்டும் சற்று அப்பாற் பற்றுகின்றன. முல்லைத்தீவுக் கடற்கரையிற் கரைவலை இழுப்போரைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் கயிற்றை விட்டு முன்னே சென்று மீண்டும் பற்றும்போது, ஏனையோர் இழுத்துக்கொண்டே இருப்பர். எல்லாரும் ஒருங்கே கைவிடுவதில்லை. ஆகவே வலை பின்வாங்குவதில்லை. இவ்வுழைப்புக்குரிய கூலியை ஏ.ரி.பி. என்னும் பொருள் அளிக்கின்றது. தசைநாரினுள் கல்சியம் வெளிப்படும்போது இழுப்புத் தொடங்குகின்றது. கல்சியம் மீண்டும் அதன் பைகளுட் சென்றதும் இழுப்பு ஓய்கின்றது.

ஆயின், இழுக்குமாறு கட்டளை வருவது நரம்பு வழியாக. நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே, கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய இடைவெளியுண்டு. நரம்பின் மின்செய்தி முனையை அடைந்ததும், அங்குள்ள நுண்பைகள் அசெற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருளை அவ்விடைவெளியிற் சொரிகின்றன. அது அக்கரையில் உள்ள ஏற்பிகளில், பூட்டிற் திறவுகோல் பொருந்துவதுபோலப் பொருந்துகின்றது. உடனே தசை கிளர்ச்சியுற்றுச் சுருங்குகின்றது. ஆற்றின் இருகரையையும் இணைக்கும் ஓடக்காரனைப் போன்றது இத்தூதுப் பொருள். ஓடக்காரனைத் தடுத்துவிட்டால், இக்கரையில் அரசனும் அக்கரையில் வீரரும் நலமாக இருந்தும் பயனில்லை.

நஞ்சு தாக்கும் இடம்

நாகமும் எட்டடி விரியனும் தாக்குவது இந்த ஓடத்துறையையே. கட்டுவிரியன் எனவும் வழங்கும் எட்டடி விரியன், பெயரில் விரியனாயினும் நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கரிய உடலில் மெல்லிய வெண்பட்டிகள் உடையது, இரவில் நடமாடுவது. நாகத்தின் நஞ்சு முக்கியமாக அக்கரையில் உள்ள ஏற்பிகளை அடைத்துக்கொள்கின்றது. பொருந்தாத திறவுகோல் ஒன்று பூட்டில் இறுகிக்கொண்டதற்கு அது ஒப்பாகும். எட்டடி விரியனின் நஞ்சோ இக்கரையில் நரம்பின் முனையையே சிதைக்கின்றது. தூதுப் பொருள் வெளிவர வழியில்லாமற் போகின்றது. இலங்கையில் கண்ணாடி விரியன் எனப்படும் புடையன் தீண்டியவர்களிலும் இமைச்சோர்வு காணப்படுகின்றது. எனினும் அதன் பெருங்கேடு குருதியிலும் சிறுநீரகத்திலுமே.

இமையும் விழியும் முதலிலே தளர்வதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. தொடையிலோ முதுகிலோ ஒரு நரம்பு நார் நூற்றுக்கணக்கான தசைநார்களை ஆளும். கண்ணிலோ ஒரு நரம்பு நாரின் ஆட்சிக்குட்பட்டவை மிகச் சிலவே. மேலும், இங்கு கட்டளைகள் மிக விரைந்து, இடைவிடாது வந்துகொண்டே இருக்கின்றன. தூதுப் பொருளில் ஏற்படும் சிறு குறைவும் இங்கு விரைவில் வெளிப்பட்டுவிடும். இன்னுமொன்று: கையின் வலிமை சற்றுக் குறைந்தால் நாம் அறிவதில்லை. விழியின் இழுப்புச் சற்றுக் குறைந்தாலோ நுகம் கோணுகின்றது. உடனே ஒன்று இரண்டாகத் தோன்றுகின்றது. இமைத்தசை சற்றுத் தளர்ந்தாலும் இமை சரிந்து அதனைக் காட்டிக்கொடுக்கின்றது.

இலங்கை முழுவதும் மேற்கொள்ளப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்று, இந்நாட்டில் ஆண்டுதோறும் 80,000க்கு மேற்பட்டோர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் என்றும், 400க்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. வன்னியில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வயலிற் காவலிருப்போரும், கொட்டிலில் நிலத்திற் பாய் விரித்து உறங்குவோரும், 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டு வந்து காடு மண்டிய காணிகளைத் துப்புரவு செய்தோரும் பாம்பின் அயலிலேயே வாழ்ந்தவர்கள். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கலிட்டு வணங்கும் மரபும் இம்மண்ணுக்குரியது. வணக்கம் ஒருபுறம் நிற்க, விழிப்பும் வேண்டும்.

உறக்கம் என்று எண்ணற்க

எட்டடி விரியனின் கடி ஏமாற்றும் தன்மையது. பெரும்பாலும் அது உறங்குபவரையே தீண்டுகின்றது. வலி மிகக் குறைவு, வீக்கமும் இல்லை, பற்குறியும் தெரியாமற் போகலாம். ஆகவே பலர் கடியுண்டதையே அறிவதில்லை. நள்ளிரவில் வயிற்றுவலியென்று எழுவர், வாந்தியும் வரலாம். வீட்டார் உணவிற் பிழை என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பர். விடியற்காலையில் இமைகள் சரிந்திருக்கும். அதனை உறக்கக் கலக்கம் என்று கொள்வதே பெருந்தவறு. உறக்கக் கலக்கமுடையவன் எழுப்பினால் கண்ணை முழுதும் திறப்பான். நஞ்சேறியவன் தெளிவாக விடையிறுப்பான். ஆயினும் இமையைத் தூக்க மாட்டான்.

நிலத்தில் உறங்கி எழுந்த ஒருவர் காரணமில்லாத வயிற்றுவலியோ சோர்வோ உற்றால், கைவிளக்கின் ஒளியில் அவர் கண்களைப் பாருங்கள். தலையை அசைக்காது மேல்நோக்கிச் சிறிது நேரம் பார்க்கச் சொல்லுங்கள். இமை மெல்ல மெல்லச் சரிகின்றதா? நெற்றியைச் சுருக்கி, தலையைப் பின்சாய்த்துப் பார்க்க முயல்கின்றாரா? உங்கள் விரலை இடமும் வலமும் நகர்த்துங்கள். இரு விழிகளும் முற்றாகப் பின்தொடர்கின்றனவா? ஒரு விரல் இரண்டாகத் தெரிகின்றதா? இவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதிக்கலாகாது. அடுத்துத் தளர்வன விழுங்கும் தசைகள். அதன்பின் மூச்சுத் தசைகள்.

பாம்பு தீண்டியது தெரிந்திருந்தாலோ, இக்குறிகளுக்காகக் காத்திருத்தலே கூடாது. உடனே புறப்பட வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று இடங்களிலும் மாவட்ட வைத்தியசாலைகள் உள. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவையும் உண்டு. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, மோதிரம் காப்பு முதலியவற்றைக் கழற்றி, நோயாளியை நடக்கவிடாது கொண்டுசெல்லுதல் வேண்டும். கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், குருதியோட்டம் நிற்கும்படி இறுகக் கட்டுவதும் தீங்கையே தரும்.

எட்டடி நடக்குமுன் உயிர் போய்விடும் என்னும் பெயர்க்காரணம் உண்மையன்று. நஞ்சு முற்றிலும் வேலைசெய்யப் பெரும்பாலும் சில மணி நேரம் செல்லும். அந்த நேரமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. வைத்தியசாலையிற் கொடுக்கப்படும் நஞ்சுமுறி மருந்து, குருதியில் உலவும் நஞ்சை அழிக்கவல்லது; ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனையைச் சீராக்க அதனால் இயலாது. அம்முனைகள் தாமாகவே வளர்ந்து சீராகப் பல நாட்கள், சில வேளை வாரங்கள் செல்லும். அதுவரை செயற்கைச் சுவாச இயந்திரம் நோயாளிக்காக மூச்சுவிடும். முற்றாகத் தளர்ந்த ஒருவர், கண்ணும் திறவாது, விரலும் அசையாது, இறந்தவர்போலத் தோன்றக்கூடும். ஆயினும் அவர் உள்ளே உணர்வோடு நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே அருகிலிருப்போர் நம்பிக்கையிழந்து புலம்புதல் தகாது. உரிய காலத்திற் சுவாச உதவி பெற்றோர் பெரும்பாலும் முழு நலத்துடன் எழுந்து வீடு திரும்புகின்றனர்.

நஞ்சு தந்த நன்மை

நஞ்சும் அறிஞர் கையில் நன்மை பயந்ததுண்டு. தாய்வானில் வாழும் கட்டுவிரியன் இனமொன்றின் நஞ்சை அந்நாட்டு ஆய்வாளர் சாங், லீ என்போர் பகுத்து 1963இல் வெளியிட்டனர். அதில் ஒரு கூறு தசையின் ஏற்பிகளை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டது. அந்தப் பிடியையே கருவியாகக் கொண்டு, பின்வந்தோர் ஏற்பிகளைத் தனியே பிரித்தெடுத்தனர், எண்ணியும் பார்த்தனர். மாலையானதும் இமை சரிந்து, ஒன்று இரண்டாகத் தோன்றும் தசைச்சோர்வு நோயொன்று உண்டு. அந்நோயாளரின் தசைகளில் ஏற்பிகள் குறைந்திருப்பதை 1973இல் இவ்வழியாலேயே கண்டனர். இன்று அந்நோய்க்கு மருந்துகள் உள. பிள்ளைகளோ பெரியவர்களோ மாலைதோறும் இமை சோர்வதாகக் கூறினால், அதனைச் சோம்பல் என்று கடியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

வருமுன் காத்தலே எல்லாவற்றினும் நன்று. நேபாளத்தின் தென்கிழக்குத் தாழ்நிலத்தில் நடைபெற்று 2007இல் வெளியான ஆய்வொன்று, நுளம்பு வலைக்குள் உறங்குதல் பாம்புக்கடியிலிருந்தும் நன்கு காக்கின்றது என்று காட்டியது. கட்டிலில் உறங்குவோம், பாயில் உறங்குவதாயின் வலையின் விளிம்பைப் பாயின் கீழ் நன்கு செருகுவோம். மாரிமழை தொடங்கும் காலத்தில் இவ்வழக்கத்தை ஒரு நாளேனும் தவறவிடாதிருப்போம். மாணவர்கள் தாம் கற்ற இமைச்சோதனையை வீட்டிலுள்ள பெரியோருக்கும் காட்டிக்கொடுப்பாராயின், அது பரீட்சைப் புள்ளிகளினும் மேலான பயனைத் தரும்.